மறை ஒன்று நிறங்கள்: கோட்டுருப் பல்லுறுப்பி என்றால் என்ன?

2022 ஜூலை 5 அன்று ஹெல்சிங்கியில் ஃபீல்ட்ஸ் பதக்கங்கள் வழங்கப்பட்டன. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை, நாற்பது வயதைத் தாண்டாத கணிதவியலாளர்களுக்குக் கிடைக்கும் உயர்ந்த பரிசு அது. அந்த வாரம் கொழும்பில் தனியார் வாகனங்களுக்கு எரிபொருள் விற்பனை நிறுத்தப்பட்டிருந்தது. நான்கு நாள் கழித்து மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தார்கள். கணிதச் செய்தியைத் தேடிப் படிக்கும் வாரமல்ல. பின்னர் கண்ணில் பட்டதும் பதக்கம் பெற்ற நால்வரில் ஒருவரான ஜூன் ஹுவின் வாழ்க்கைக் கதைதான்: பாடசாலையை இடையில் விட்டவர், கவிஞராக விரும்பியவர். அவர் எதை நிறுவினார் என்ற இடம் வந்ததும் ‘நிறம் தீட்டும் கணக்கு’ என்று ஒரு வரியில் முடித்துவிட்டார்கள்.

அந்த வரிக்குள் இருக்கும் பொருளின் பெயர் கோட்டுருப் பல்லுறுப்பி. நால்வரில் இன்னொருவரான ஹியூகோ டுமினில்-கோபனின் ஆய்வும் இதே பொருளின் வேறொரு முகத்தில்தான் நிற்கிறது. உயர்தரத்தில் இணைந்த கணிதம் படித்தவர்களுக்குப் பல்லுறுப்பி, அதாவது ஒரு மாறியின் அடுக்குகளை எண்களால் பெருக்கிக் கூட்டிய கோவை, புதிதல்ல. மீதியை அடியிலிருந்து கட்டிக்கொள்ளலாம்.

## கோட்டுருவும் பரீட்சை அட்டவணையும்

சில புள்ளிகள், அவற்றில் சில சோடிகளை இணைக்கும் கோடுகள்: இதுவே கோட்டுரு. புள்ளியை முனை என்றும் கோட்டை விளிம்பு என்றும் சொல்வோம். எந்த முனை எங்கே வரையப்பட்டது, கோடு நேரா வளைவா என்பதெல்லாம் கணக்கில் வராது. எது எதோடு இணைந்திருக்கிறது என்பது மட்டுமே முக்கியம்.

கொழும்பிலுள்ள ஒரு பாடசாலையில் உயர்தர வகுப்புக்குத் தவணைப் பரீட்சை வைக்கவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பாடங்கள் நான்கு: இணைந்த கணிதம், உயிரியல், பௌதிகவியல், இரசாயனவியல். கணிதப் பிரிவு மாணவர் இணைந்த கணிதத்தோடு பௌதிகவியலையும் இரசாயனவியலையும் எடுக்கிறார். உயிரியல் பிரிவு மாணவருக்கும் அந்தக் கடைசி இரண்டும் உண்டு. இணைந்த கணிதத்தையும் உயிரியலையும் சேர்த்து எடுப்பவர் அந்தப் பாடசாலையில் இல்லை.

பாடங்களை முனைகளாக்கி, ஒரே மாணவர் எழுதக்கூடிய இரு பாடங்களை விளிம்பால் இணைத்தால் நான்கு முனை, ஐந்து விளிம்பு கொண்ட கோட்டுரு கிடைக்கிறது. விளிம்பில்லாத சோடி இணைந்த கணிதமும் உயிரியலும் மட்டுமே. விளிம்பால் இணைந்த இரு பாடங்களை ஒரே நேரத்தில் வைக்கமுடியாது. நேரங்களுக்குப் பதில் நிறங்களை நினைத்தால் இதுவே நிறந்தீட்டல்: இணைந்த முனைகளுக்கு ஒரே நிறம் கூடாது.

எங்களிடம் ‘க’ நேரங்கள் இருந்தால் எத்தனை அட்டவணைகள் போடலாம்? பௌதிகவியலுக்கு க நேரங்களில் எதையும் கொடுக்கலாம். இரசாயனவியலுக்கு அதைத் தவிர்த்து க−1. இணைந்த கணிதத்துக்கு அவ்விரண்டையும் தவிர்த்து க−2. உயிரியலுக்கும் அதே க−2. மொத்தம்:

க(க−1)(க−2)²

இரண்டு நேரம் மட்டும் இருந்தால் பூச்சியம், அட்டவணையே போடமுடியாது. மூன்று இருந்தால் 6 வழிகள், நான்கு இருந்தால் 48. இந்தக் கோவைதான் அந்தக் கோட்டுருவின் நிறப் பல்லுறுப்பி.

## எல்லாக் கோட்டுருவுக்கும் இது நடக்குமா?

இந்த உதாரணத்தில் பெருக்கிக்கொண்டே போகமுடிந்தது அதிர்ஷ்டம். பல கோட்டுருக்களில் அப்படிச் செய்யமுடியாது. ஆனாலும் விடை எப்போதும் பல்லுறுப்பியாகவே வரும். காரணம் ‘நீக்கல்–சுருக்கல்’ என்ற ஒரு விதி. இந்தக் கட்டுரையில் வரும் எல்லாமே அந்த ஒரு விதியைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. அதனால் இங்கே கொஞ்சம் நின்று போகலாம்.

1. இணைந்த கணிதத்துக்கும் உயிரியலுக்கும் இடையில் விளிம்பு இல்லை. எனவே எங்கள் அட்டவணைகள் இரண்டு வகை: அவ்விரண்டும் வெவ்வேறு நேரத்தில் வருபவை, ஒரே நேரத்தில் வருபவை.

2. வெவ்வேறு நேரத்தில் வருபவற்றை எண்ணுவதும், அவற்றுக்கிடையே விளிம்பொன்றைச் சேர்த்துவிட்டு எண்ணுவதும் ஒன்றே. அப்போது நான்கு பாடமும் ஒன்றோடொன்று மோதுகின்றன: க(க−1)(க−2)(க−3).

3. ஒரே நேரத்தில் வருபவற்றை எண்ணுவதும், அவ்விரு பாடங்களை ஒரே முனையாகச் சுருக்கிவிட்டு எண்ணுவதும் ஒன்றே. மிஞ்சுவது ஒரு முக்கோணம்: க(க−1)(க−2).

நான்கு நேரத்துக்கு இவை 24, 24, கூட்டினால் 48. முன்பு கிடைத்த அதே எண்.

இதைத் திருப்பி எழுதினால்: ஒரு கோட்டுருவின் பல்லுறுப்பி = விளிம்பை நீக்கியதன் பல்லுறுப்பி − விளிம்பைச் சுருக்கியதன் பல்லுறுப்பி. ஒவ்வொரு படியிலும் விளிம்பு குறைகிறது. கடைசியில் விளிம்பே இல்லாத வெறும் புள்ளிகள் மிஞ்சும். அவற்றுக்கு விடை க-வின் அடுக்கு மட்டுமே. அடுக்குகளைக் கூட்டியும் கழித்தும் பெறுவது பல்லுறுப்பியாகத்தானே இருக்கமுடியும்.

## பிறந்த காரணமும் தவறிய இலக்கும்

1852-இல் பிரான்சிஸ் கத்ரி என்ற இளைஞர், அயல் பகுதிகள் ஒரே நிறம் பெறாதபடி எந்த நிலப்படத்தையும் நான்கு நிறங்களால் தீட்டிவிடலாமா என்று கேட்டார். 1912-இல் ஜோர்ஜ் பர்க்கோஃப் இதற்கு ஒரு வழி கண்டதாக நினைத்தார்: தீட்டும் வழிகளின் எண்ணிக்கையை ஒரு பல்லுறுப்பியாக எழுதி, நிலப்படங்களுக்குரிய பல்லுறுப்பி 4-இல் ஒருபோதும் பூச்சியமாகாது என்று பகுப்பாய்வு முறையில் காட்டிவிடலாம். 1930களின் தொடக்கத்தில் ஹஸ்லர் விட்னி இந்தக் கருத்தை நிலப்படத்திலிருந்து எல்லாக் கோட்டுருக்களுக்கும் விரித்தார்.

நான்கு நிறம் போதும் என்ற நாற்நிறத் தேற்றம் 1976-இல் கென்னத் அப்பெல், வுல்ஃப்காங் ஹாக்கன் கையில் நிறுவப்பட்டது. கணினியைக் கொண்டு ஆயிரத்துக்கும் மேற்பட்ட வகைகளைச் சரிபார்த்த வேலை அது. அதில் பர்க்கோஃபின் பல்லுறுப்பிக்கு இடமில்லை. எதற்காகப் பிறந்ததோ அந்த வேலைக்கு உதவாமல் போன கருவி, வேறு நான்கைந்து துறைகளில் குடியேறிவிட்டது.

அது ஏன் நடந்தது என்பதற்கு என் பதில் இது. எண்ணிக்கையைப் பல்லுறுப்பியாக்கிவிட்டால், கேள்விக்குப் பொருந்தாத எண்களையும் அதில் போட்டுப் பார்க்கலாம். மூன்று நிறம், நான்கு நிறம் என்பதோடு நிற்கவேண்டியதில்லை. மறை ஒன்று நிறம் என்றால் என்ன என்று பல்லுறுப்பி கேட்பதில்லை. ஒரு விடையைக் கொடுக்கிறது. அந்த விடைக்கு அர்த்தம் இருந்துவிடுவதுதான் இத்துறையின் சரக்கு.

## அர்த்தமற்ற எண்களைப் போட்டால்

எங்கள் பரீட்சைக் கோவையில் க = −1 என்று போடுங்கள்: (−1) × (−2) × (−3)² = 18.

1973-இல் ரிச்சர்ட் ஸ்டான்லி இந்த எண்ணின் பொருளைக் காட்டினார். மோதும் ஒவ்வொரு பாடச் சோடிக்கும் எது முதலில் வரவேண்டும் என்று ஓர் அம்புக்குறி போடுவோம். ஐந்து விளிம்பு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு திசை. மொத்தம் 32 விதம். இவற்றில் சில முரணானவை: பௌதிகவியலுக்கு முன் இரசாயனவியல், அதற்கு முன் உயிரியல், அதற்கு முன் மீண்டும் பௌதிகவியல் என்று வட்டமடிக்கும். வட்டமே இல்லாத ஒழுங்குகள் எத்தனை? சரியாக 18. எந்தக் கோட்டுருவை எடுத்தாலும், −1-இல் நிறப் பல்லுறுப்பியின் பெறுமானம் (குறியை விட்டுவிட்டால்) வட்டமற்ற திசைப்படுத்தல்களின் எண்ணிக்கையே.

மாயம் எதுவுமில்லை. வட்டமற்ற திசைப்படுத்தல்களும் நீக்கல்–சுருக்கல் விதிக்கே கட்டுப்படுகின்றன. ஒரே வித்தியாசம், அங்கே கழித்தலுக்குப் பதில் கூட்டல். −1-ஐப் போடும்போது குறிகள் மாறி அந்தக் கழித்தலே கூட்டலாகிவிடுகிறது. நான்கு பாடமும் ஒன்றோடொன்று மோதும் நிலையில் வட்டமற்ற ஒழுங்குகள் 24. ஒரு விளிம்பை நீக்கினால் 18. சுருக்கினால் முக்கோணத்துக்கு 6. 18 + 6 = 24.

இன்னும் விசித்திரமான எண் பொன் விகிதத்தின் வர்க்கம், அதாவது 2.618… . தளக் கோட்டுரு என்பது விளிம்புகள் ஒன்றையொன்று வெட்டாமல் தாளில் வரையக்கூடியது. அதில் எல்லாப் பகுதிகளும் முக்கோணமாக இருந்தால், 2.618…-இல் அதன் நிறப் பல்லுறுப்பி பூச்சியமாவதில்லை. ஆனால் முனைகள் கூடக்கூடப் பூச்சியத்தை வேகமாக நெருங்குகிறது. டபிள்யூ. டி. டட் இதை 1970-இல் நிறுவினார். ‘2.618 நிறங்கள்’ என்ற சொற்றொடருக்குப் பொருள் கேட்டால் எவரிடமும் விடை இராது. தேற்றம் மட்டும் உண்மை.

## ஜூன் ஹு நிறுவியது

எங்கள் கோவையை விரித்து எழுதுவோம்:

க⁴ − 5க³ + 8க² − 4க

குறிகள் மாறி மாறி வருகின்றன. முதல் குணகம் 1. இரண்டாவது விளிம்புகளின் எண்ணிக்கை. இவை பழைய செய்திகள். குறிகளை நீக்கிவிட்டுக் குணகங்களை மட்டும் பாருங்கள்: 1, 5, 8, 4. ஏறி, ஓர் உச்சத்தைத் தொட்டு, இறங்குகின்றன. இறங்கியபின் மீண்டும் ஏறுவதில்லை.

எல்லாக் கோட்டுருவுக்கும் இப்படித்தான் இருக்கும் என்று 1968-இல் ரொனால்ட் ரீட் ஊகித்தார். அதைவிட இறுக்கமான ஓர் ஊகமும் பின்னால் வந்தது: எந்தக் குணகத்தின் வர்க்கமும் அதன் இரு பக்கத்து அயலவர்களின் பெருக்கத்தைவிடக் குறையாது. எங்களுடையதில் 5 × 5 = 25, அது 1 × 8-ஐவிடப் பெரிது; 8 × 8 = 64, அது 5 × 4-ஐவிடப் பெரிது.

கேட்கப் பள்ளிக்கூடக் கணக்குப் போல இருக்கிறது. ஆனால் நீக்கல்–சுருக்கல் இங்கே கைகொடுக்காது. ஏறி இறங்கும் இரண்டு வரிசைகளைக் கூட்டினால் வரும் வரிசையும் அப்படியே இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. இரண்டு உச்சங்கள் வெவ்வேறு இடத்தில் இருந்தால் நடுவில் பள்ளம் விழலாம். இத்துறைக்காரர்கள் நம்பியிருந்த ஒரே ஏணி அந்த இடத்தில் உதவாமல் நின்றது.

ஹு வந்தது வேறு வாசலால். சமன்பாடுகள் வரையும் வடிவங்களை ஆராயும் இயற்கணித வடிவகணிதம் அவருடைய பயிற்சி. கோட்டுருவிலிருந்து அத்தகைய ஒரு வடிவத்தைக் கட்டி, அதன் அளவைகளாகக் குணகங்கள் தோன்றுவதைக் காட்டினார். அந்த அளவைகள் மேற்சொன்ன வர்க்க விதிக்குக் கட்டுப்படும் என்பது வடிவகணிதத்தில் முன்பே தெரிந்த செய்தி. 2012-இல் வெளியான அந்தக் கட்டுரையில் ரீடின் ஊகம் தீர்ந்தது. பின்னர் கரீம் அடிப்ரசிட்டோ, எரிக் காட்ஸ் ஆகியோருடன் சேர்ந்து, பின்னணியில் வடிவமே இல்லாத மேட்ரொயிட் என்ற பொது அமைப்புகளுக்கும் இதை விரித்தார். 2018-இல் வந்த அந்தக் கட்டுரைதான் இரண்டிலும் கடினமானது. வடிவம் இல்லாத இடத்தில் வடிவகணிதத்தின் விதிகள் மட்டும் எப்படி உயிரோடிருக்கின்றன என்று காட்டவேண்டியிருந்தது.

## ஒரு மாறி போதாமல் இரண்டு

நிறந்தீட்டல் தவிர வேறு எண்ணிக்கைகளும் நீக்கல்–சுருக்கலுக்கு அடங்குகின்றன என்றால், அவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு தாய்ப் பல்லுறுப்பி இருக்கவேண்டும். அதை உருவாக்கியவர் மேலே சொன்ன டட். அவருடைய 1954ஆம் ஆண்டுக் கட்டுரை இதன் அடித்தளம். (இரண்டாம் உலகப் போரில் ஜேர்மனியின் லோரென்ஸ் குறியாக்கப் பொறியை, அதைக் கண்ணால் காணாமலே, அதன் செய்திகளிலிருந்து ஊகித்து அமைப்பைச் சொன்னவரும் இவரே.)

டட் பல்லுறுப்பிக்கு இரண்டு மாறிகள். அவற்றை அ, ஆ என்போம். வெள்ளவத்தையில் காலி வீதியும் மரைன் டிரைவும் ஏறத்தாழச் சமாந்தரமாகப் போகின்றன. இடையில் குறுக்கு வீதிகள். அடுத்தடுத்த இரண்டு குறுக்கு வீதிகளை எடுத்தால் நான்கு சந்திகள், நான்கு வீதித் துண்டுகள்: ஒரு சதுரம். அதன் டட் பல்லுறுப்பி

அ³ + அ² + அ + ஆ

இதில் எண்களைப் போட்டால் என்ன கிடைக்கிறது என்று பாருங்கள்.

1. அ = 1, ஆ = 1: விடை 4. எல்லாச் சந்திகளையும் வட்டமின்றி இணைக்கும் வழிகளின் எண்ணிக்கை. விரியும் மரங்கள் என்பார்கள். மின்சுற்றுக்காக கிர்க்கோஃப் 1847-இலேயே ஆராய்ந்தவை.
2. அ = 1, ஆ = 2: விடை 5. சந்திகள் எல்லாம் இணைந்திருக்கும்படி திறந்து வைக்கக்கூடிய வீதித் தொகுதிகள்.
3. அ = 2, ஆ = 0: விடை 14. ஸ்டான்லியின் வட்டமற்ற திசைப்படுத்தல்கள். ஒருவழிப் பாதை ஆக்கினால் சுற்றிச் சுற்றி வரமுடியாத விதங்கள்.

இரண்டாவதிலிருந்து நம்பகத்தன்மைக்கு ஒரு படிதான். மழை வெள்ளத்திலோ குழாய் வேலையிலோ ஒவ்வொரு துண்டும் தனித்தனியே அடைபடலாம். திறந்திருக்கும் நிகழ்தகவு ப. நான்கு சந்தியும் தொடர்பில் இருக்கும் நிகழ்தகவு 4ப³(1−ப) + ப⁴. ப = 0.9 என்றால் 0.948. நான்காவது துண்டு இல்லாமல் மூன்று மட்டும் வரிசையாக இருந்தால் அது 0.729. பக்கத்தில் இன்னொரு சதுரத்தைச் சேர்த்தால் ஆறு சந்தி, ஏழு துண்டு. விரியும் மரங்கள் 4-இலிருந்து 15 ஆகின்றன, நம்பகத்தன்மை 0.939. வட்டமின்றி ஐந்தே துண்டுகளால் அந்த ஆறு சந்திகளை இணைத்திருந்தால் 0.590-தான். உண்மை வெள்ளத்தில் துண்டுகள் தனித்தனியே அடைபடுவதில்லை, தாழ்ந்த பகுதி முழுவதும் ஒன்றாகவே போகும். அதனால் இந்த எண்களை நகரத் திட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மாற்றுவழியின் பெறுமதியை அளக்க ஒரு சூத்திரம் இருக்கிறது என்பதே இங்கே விடயம்.

பௌதிகவியலுக்கு இது நுழைந்தது பொட்ஸ் மாதிரி வழியாக. காந்தப் பொருளின் ஒவ்வொரு அணுவும் சில நிலைகளில் ஒன்றில் இருக்கலாம். அயலணுக்கள் ஒரே நிலையில் இருப்பதும் இல்லாததும் சக்தியைத் தீர்மானிக்கும். இந்த மாதிரியின் எல்லா நிலைச் சேர்க்கைகளையும் அவற்றின் சக்திக்கேற்ற எடையோடு கூட்டினால் வரும் தொகை டட் பல்லுறுப்பியே என்பது ஃபோர்ட்யூன், காஸ்டலேன் ஆகியோரின் 1972ஆம் ஆண்டு வேலையிலிருந்து தெளிவானது. அதன்பின் நிலைகளின் எண்ணிக்கை நிறைவெண்ணாக இருக்கவேண்டிய கட்டாயமும் போய்விட்டது. 2012-இல் டுமினில்-கோபனும் வின்சென்ட் பெஃபாராவும் சதுர வலையில் இந்த மாதிரி எந்தப் புள்ளியில் நிலைமாறுகிறது, அதாவது அணுக்களின் ஒழுங்கு குலைகிறது என்பதை, நிலைகளின் எண்ணிக்கை 1 அல்லது அதற்கு மேற்பட்ட எந்த மெய்யெண்ணாக இருந்தாலும் செல்லும்படி நிறுவினார்கள். இரண்டரை நிலை கொண்ட காந்தத்துக்கும் அந்தத் தேற்றம் செல்லும்.

முடிச்சுகளின் கணிதத்திலும் இதே ஆள் வருகிறார். வோன் ஜோன்ஸ் 1984-இல் கண்ட முடிச்சுப் பல்லுறுப்பி, மேலும் கீழுமாக மாறி மாறிச் செல்லும் முடிச்சுகளுக்கு டட் பல்லுறுப்பியின் ஒரு வெட்டுமுகமே என்று 1987-இல் மோர்வன் திஸில்துவைட் காட்டினார். நூறாண்டு பழைமையான சில முடிச்சு ஊகங்கள் அந்த ஆண்டிலேயே நிறுவப்பட்டன.

## கணிப்பது ஏன் கடினம்?

நீக்கல்–சுருக்கலின் ஒவ்வொரு படியும் ஒரு கோட்டுருவை இரண்டாக்குகிறது. 60 விளிம்பு இருந்தால், குறுக்குவழி எதுவும் பிடிக்காவிட்டால், 2-இன் 60ஆம் அடுக்கு: 1-இன் பின் 18 பூச்சியங்களைத் தாண்டும். கொழும்பின் வீதி வலையில் 60 துண்டுகள் என்பது ஒரு மூலைக்கும் காணாது.

வேகமான வேறு வழி கிடைக்காதா என்ற கேள்விக்கு 1990-இல் ஜேகர், வெர்டிகன், வெல்ஷ் மூவரும் கிட்டத்தட்ட முழு விடையைத் தந்தார்கள். (அ−1)(ஆ−1) = 1 என்ற வளைவிலும் அதற்கு வெளியே எட்டுத் தனிப் புள்ளிகளிலும் டட் பல்லுறுப்பியின் பெறுமானத்தை விரைவாகக் கணிக்கலாம். விரியும் மரங்களின் புள்ளி அந்த எட்டில் ஒன்று; அதற்குத் துணிகோவை போதும். மற்ற எல்லா இடத்திலும் பிரச்சினை, எண்ணும் பிரச்சினைகளில் மிகக் கடினமான வகையோடு சமன். நம்பகத்தன்மையும் வட்டமற்ற திசைப்படுத்தலும் அந்தக் கடினப் பக்கத்தில்தான் விழுகின்றன. ஆகவே உண்மையான வலையமைப்புகளில் வேலை செய்பவர்கள் மாதிரி எடுத்து அண்ணளவாக்குகிறார்கள். பரீட்சை அட்டவணை போடுபவருக்கும் பல்லுறுப்பி தேவையில்லை. அவருக்கு வேண்டியது ஒரு அட்டவணை, அட்டவணைகளின் எண்ணிக்கை அல்ல.

## பல்லுறுப்பிக்குத் தெரியாதவை

கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை என்று கரையோரப் பாதையில் வரிசையாக வரும் நான்கு ரயில் நிலையங்களை ஒரு கோட்டுருவாக்கினால் நிறப் பல்லுறுப்பி க(க−1)³. நடுவில் ஒரு நிலையம், அதிலிருந்து மூன்று பக்கமும் ஒவ்வொரு நிலையம் என்றாலும் அதே க(க−1)³. வட்டமில்லாத இணைந்த கோட்டுருக்கள், அதாவது மரங்கள், ஒரே முனை எண்ணிக்கை கொண்டவையாக இருந்தால் எல்லாவற்றுக்கும் ஒரே பல்லுறுப்பி. டட் பல்லுறுப்பியும் அவற்றைப் பிரித்தறியாது. நிறங்களைத் தனித்தனி மாறிகளாக வைத்திருக்கும் விரிவான ஒரு சார்பை ஸ்டான்லி 1995-இல் கொடுத்து, மரங்களைப் பிரிக்க இதுவாவது போதுமா என்ற கேள்வியை எழுப்பினார்.

## மூலங்கள் எங்கே விழுகின்றன?

பல்லுறுப்பி என்றால் அதன் மூலங்களை, அதாவது அதைப் பூச்சியமாக்கும் எண்களைத் தேடுவது இயல்பு. பௌதிகவியலாளருக்கு இதில் தனி அக்கறை உண்டு: மூலங்கள் எங்கே குவிகின்றனவோ அங்கே நிலைமாற்றம் நிகழலாம்.

நிறப் பல்லுறுப்பிக்கு மறை மூலங்கள் இல்லை. 0-க்கும் 1-க்கும் இடையிலும் இல்லை. 1-ஐத் தாண்டி 32/27 வரையும் இல்லை என்று பில் ஜாக்சன் 1993-இல் நிறுவினார். அந்த 32/27-க்கு அப்பால் எவ்வளவு சிறிய இடைவெளியை எடுத்தாலும் அதில் ஏதோ ஒரு கோட்டுருவின் மூலம் கிடைக்கும் என்று கார்ஸ்டன் தொமாசன் 1997-இல் காட்டினார். சிக்கலெண்களை அனுமதித்தால் சிக்கலெண் தளத்தின் எந்த மூலையும் வெறுமையாக இல்லை என்பது அலன் சோக்கலின் 2004ஆம் ஆண்டு முடிவு.

தளக் கோட்டுருக்களுக்கு மட்டும் படம் வேறு. 5-லும் அதற்கு மேலும் மூலம் கிடையாது என்று 1946-இல் பர்க்கோஃபும் டி. சி. லூயிஸும் நிறுவினார்கள், 4-இலிருந்தே கிடையாது என்றும் ஊகித்தார்கள். 4 என்ற ஒற்றைப் புள்ளியை 1976-இன் நாற்நிறத் தேற்றம் பார்த்துக்கொண்டது. 4-க்கும் 5-க்கும் இடைப்பட்ட பகுதி இன்னும் திறந்தே கிடக்கிறது. கீழ்ப் பக்கத்திலிருந்து 4-ஐ எவ்வளவு வேண்டுமானாலும் நெருங்கும் மூலங்களைக் கொண்ட தளக் கோட்டுருக்களை கோர்டன் ரோயில் 2008-இல் கட்டிக் காட்டினார். 4-ஐத் தாண்டிய ஒன்றை இதுவரை எவரும் காட்டவில்லை.